டார்வின் திரட்டிய குறிப்புகள்

மனிதன் தன் வாழ்நாளில் காண்பன பல, கேட்பன பல, கற்பன பல. அவற்றுள் நெஞ்சில் நிலைத்து நிற்பனவோ மிகச் சில. இன்று தெளிவாக விளங்கும் செய்தி, ஓராண்டு கழிந்தபின் மங்குகின்றது. பத்தாண்டு கழிந்தபின் முற்றும் மறைகின்றது. இக்குறையைப் போக்குதற்கே எழுத்து என்னும் அரும்பெருங் கருவி நமக்கு வாய்த்துள்ளது. ஆயினும், எழுதி வைத்துவிட்ட அளவிலே அறிவு நமக்கு உரியதாகிவிடும் என்று எண்ணுதல் கூடாது. அறுவடை முடிந்ததும் விதைநெல்லையும் உணவுநெல்லையும் வரகையும் தினையையும் ஒரே குதிரில் கொட்டி வைக்கும் உழவன், மழை பெய்து விதைக்கும் காலம் வரும்போது வருந்தியே தீர்வான். குறிப்புகளும் அத்தகையனவே. வேண்டிய காலத்தில் வேண்டிய குறிப்புக் கைக்குக் கிட்டுமாறு அவற்றை வகைப்படுத்தி வைத்தல் வேண்டும். இவ்வொழுக்கத்தை வாழ்நாள் முழுவதும் கைக்கொண்டு, அதன் துணையால் உலகத்தாரின் எண்ணப் போக்கையே மாற்றியமைத்த பெரியார் ஒருவர் உண்டு. அவரே சார்லஸ் டார்வின் என்னும் இயற்கைநூல் அறிஞர்.

இளமைப் பருவம்

டார்வின் இங்கிலாந்து நாட்டிலுள்ள ஷ்ரூஸ்பரி என்னும் ஊரில் 1809ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 12ஆம் நாள் பிறந்தார். அவர்தம் தந்தையார் ராபர்ட் டார்வின் புகழ்பெற்ற மருத்துவர். எட்டாம் வயதிலேயே அன்னையை இழந்த அச்சிறுவர்க்குப் பொருள்களைத் திரட்டுவதில் இயல்பாகவே பெருவிருப்பம் இருந்தது. கிளிஞ்சல்கள், முத்திரைகள், நாணயங்கள், பலவகைக் கற்கள் ஆகியவற்றை அவர் ஓயாது சேர்த்து வந்தார். பள்ளிப் படிப்பில் அவர் சிறந்து விளங்கினார் அல்லர்.

1825ஆம் ஆண்டில் தந்தையார் அவரை எடின்பரோ நகருக்கு மருத்துவம் கற்க அனுப்பினார். நோயாளியை உணர்விழக்கச் செய்யும் மருந்து கண்டறியப்படாத காலம் அது. அறுவை மருத்துவத்தின்போது நோயாளிகள் படும் துயரைக் காணப் பொறாத டார்வின், இரண்டு ஆண்டுகளில் அக்கல்வியைக் கைவிட்டார். எனினும், அந்நகரில் அவர் கழித்த காலம் வீணாகவில்லை. தென் அமெரிக்காவில் அடிமையாயிருந்து விடுதலை பெற்று வந்த ஜான் எட்மன்ஸ்டன் என்பாரிடம், இறந்த பறவைகளின் தோலைப் பதப்படுத்திக் காக்கும் கலையை அவர் கற்றுக்கொண்டார். கடற்கரையில் கிடைத்த சிற்றுயிர்களை ஆராய்ந்து, கண்டவற்றை எழுதி வைக்கும் பழக்கமும் அங்கேதான் தொடங்கிற்று.

பின்னர்ச் சமயப் பணிக்குரிய கல்வி பெறும் நோக்குடன் அவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கு வண்டுகளைச் சேர்ப்பதே அவருக்குப் பெரும் பொழுதுபோக்காய் அமைந்தது. ஒரு நாள் பட்ட மரத்தின் பட்டையை உரித்தபோது அரிய வண்டுகள் இரண்டு தென்பட்டன. கைக்கு ஒன்றாக இரண்டையும் பற்றிக்கொண்டார். அவ்வேளையில் மற்றொரு புதுவகை வண்டு தோன்றிற்று. அதனையும் விட மனமின்றி, வலக்கையில் இருந்த வண்டை வாயில் போட்டுக்கொண்டார். அவ்வண்டு கொடிய காரமுள்ள நீரைக் கக்கவே, நா எரிந்தது. அவர் அதனைத் துப்பிவிட்டார். அந்த வண்டும் போயிற்று. புதிதாய்த் தோன்றிய வண்டும் போயிற்று. பொருளைப் பற்றும் ஆர்வம் மட்டும் போதாது. பற்றியதை வைப்பதற்கு இடமும் வேண்டும் என்பதை இந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துகின்றது.

கடற்பயணம்

கேம்பிரிட்ஜில் தாவரநூற் பேராசிரியராக விளங்கிய ஹென்ஸ்லோ, டார்வினிடம் மறைந்து கிடந்த திறமையை நன்கு அறிந்தவர். அவருடைய பரிந்துரையால் டார்வினுக்கு ஓர் அரிய வாய்ப்புக் கிடைத்தது. தென் அமெரிக்கக் கரையோரங்களை அளந்து படம் வரையும் பொருட்டு, ஃபிட்ஸ்ராய் என்னும் தலைவரின் கீழ்ப் பீகிள் என்ற கப்பல் புறப்பட இருந்தது. அக்கப்பலில் இயற்கைநூல் ஆராய்ச்சியாளராய் 1831ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 27ஆம் நாள் டார்வின் பயணம் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு. உலகைச் சுற்றி வந்த அக்கப்பல் 1836ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 2ஆம் நாளே தாயகம் திரும்பியது.

ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் நிகழ்ந்த இப்பயணத்தில் டார்வின் மேற்கொண்ட முறை நாம் அறிந்து போற்றத்தக்கது. கரையில் இறங்கி நடக்கும்போது சட்டைப்பையில் அடங்கும் சிறு குறிப்பேடு ஒன்றை அவர் கையில் வைத்திருப்பார். மலையேறும்போதும், குதிரைமீது செல்லும்போதும், கண்ணிற்பட்டதை அந்த இடத்திலேயே பென்சிலால் சுருக்கமாகக் குறித்துக்கொள்வார். கப்பலுக்குத் திரும்பியபின், அச்சிறு குறிப்புகளைக் கொண்டு விரிவான குறிப்புகளை மையால் எழுதுவார். நிலத்தைப் பற்றிய செய்திகள் ஓரிடத்தும், உயிர்களைப் பற்றிய செய்திகள் மற்றோரிடத்தும், அன்றாட நிகழ்ச்சிகள் நாட்குறிப்பிலும் இடம் பெற்றன. இவ்வாறு எழுதப்பட்டவை நிலநூற் குறிப்புகள் 1,383 பக்கங்கள். உயிர்நூற் குறிப்புகள் 368 பக்கங்கள். நாட்குறிப்பு 770 பக்கங்கள்.

சேகரித்த பொருள் ஒவ்வொன்றிலும் எண் எழுதிய சீட்டு ஒன்றைக் கட்டி, அவ்வெண்ணுக்கு நேரே அதன் விவரத்தைப் பட்டியலில் எழுதுவதும் அவர் வழக்கம். சாராயக் குப்பிகளில் இட்டுக் காக்கப்பட்ட உயிர்கள் 1,529. உலர்த்தி வைக்கப்பட்ட பொருள்கள் 3,907. இவை பெட்டி பெட்டியாக இங்கிலாந்தில் இருந்த ஹென்ஸ்லோவுக்கு அனுப்பப்பட்டன. எண்ணும் பட்டியலும் இல்லாதிருப்பின், அப்பெட்டிகளில் இருந்தவை வெறும் எலும்பும் தோலுமாகவே கிடந்திருக்கும். எந்தப் பொருள், எந்த நாளில், எந்த இடத்தில் கிடைத்தது என்னும் செய்தியே அவற்றிற்கு உயிர் ஊட்டியது.

குருவிகள் கற்பித்த பாடம்

இத்துணைக் கருத்துடன் உழைத்த டார்வினும் ஓரிடத்தில் தவறினார். அத்தவறு நிகழ்ந்த இடம் பசிபிக் பெருங்கடலில், பூமியின் நடுக்கோட்டை ஒட்டிக் கிடக்கும் கலாபகஸ் தீவுக்கூட்டம் ஆகும். 1835ஆம் ஆண்டு செப்டம்பர், அக்டோபர்த் திங்கள்களில் பீகிள் கப்பல் அங்கே ஐந்து வாரங்கள் தங்கியது. நான்கு தீவுகளில் டார்வின் இறங்கிப் பறவைகளையும் செடிகொடிகளையும் சேர்த்தார். அங்கு அதிகாரியாய் இருந்த லாசன் என்பார், பேராமை ஒன்றைக் கண்டவுடன் அஃது எந்தத் தீவைச் சேர்ந்தது என்று தம்மால் கூறமுடியும் எனத் தெரிவித்தார். அருகருகே கிடக்கும் தீவுகளில் உயிர்கள் வேறுபட்டிருக்கும் என்று அந்நாளில் டார்வின் எண்ணவில்லை. ஆதலின், அக்கூற்றின் அருமையை அவர் உடனே உணரவில்லை. பிற பறவைகளின் குரலைப் போலக் குரல் கொடுக்கும் ஒருவகைப் பறவைகளுக்குமட்டும் தீவின் பெயரை எழுதி வைத்தார். சிறு குருவிகளை எல்லாம் தீவு வேறுபாடு குறிக்காமலே ஒன்றாகக் கலந்து வைத்துவிட்டார்.

1837ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அப்பறவைகள் லண்டனில் ஜான் கூல்ட் என்னும் பறவைநூல் வல்லுநரிடம் ஒப்படைக்கப்பட்டன. அவர் கூறிய முடிவு டார்வினைத் திகைக்கச் செய்தது. வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை என்று டார்வின் கருதியிருந்த அக்குருவிகள், உண்மையில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த பல இனங்கள். ஒன்றின் அலகு பருத்தது. மற்றொன்றின் அலகு மெல்லியது. வேறொன்றின் அலகு நடுத்தரமானது. அன்றியும், தீவின் பெயர் எழுதி வைத்த பறவைகளை ஆராய்ந்தபோது, அவை தீவுக்கு ஒன்றாக வேறுபட்ட மூன்று இனங்கள் என்பது புலப்பட்டது. அங்ஙனமாயின், குருவிகளும் தீவுக்குத் தீவு வேறுபட்டிருக்குமோ? இவ்வினாவுக்கு விடை கூற வேண்டிய சீட்டுகளில் தீவின் பெயர் இல்லை.

டார்வின் சோர்ந்து விடவில்லை. கப்பல் தலைவர் ஃபிட்ஸ்ராயும், தம் பணியாளர் சிம்ஸ் கோவிங்டனும் தாமே சேகரித்த குருவிகளை வைத்திருந்தனர். அவர்கள் அவற்றிற்குத் தீவின் பெயரை எழுதி வைத்திருந்தனர். டார்வின் அவர்களை அணுகி அவ்விவரங்களைக் கேட்டுப் பெற்றார். இயன்ற அளவு தம் குறையை நிரப்பிக்கொண்டார். அறிவில் தம்மினும் குறைந்தவர் எழுதிய ஒரு சிறு சீட்டு, தம் பெருந்தொகுப்பு உணர்த்தாததை உணர்த்தியது. இடமும் காலமும் இல்லாத குறிப்புப் பாதிக் குறிப்பே என்னும் உண்மையை அவர் அன்று நன்கு அறிந்துகொண்டார்.

சிறு குறிப்பேடுகள்

அவ்வாண்டு ஜூலைத் திங்களில் டார்வின் புதிய குறிப்பேடு ஒன்றைத் தொடங்கினார். உயிரினங்கள் தோன்றிய நாள்தொட்டு மாறாதிருப்பனவா, அன்றிக் காலப்போக்கில் மாறிப் புதிய இனங்களாகப் பிரிவனவா என்பதே அதில் அவர் ஆராய்ந்த பொருள். கையடக்கமான தோலட்டை ஏடுகளுக்கு ஆங்கில எழுத்துகளைப் பெயராக இட்டார். ஏ என்னும் ஏடு நிலநூலுக்கு. பி, சி, டி, ஈ என்னும் ஏடுகள் உயிரினங்களின் மாற்றத்துக்கு. எம், என் என்னும் ஏடுகள் மனத்தின் இயல்புக்கு. பி என்னும் ஏட்டில் அவர் சிறு மரம் ஒன்றை வரைந்தார். ஓர் அடிமரத்தினின்றும் கிளைகள் பிரிவதுபோல, ஒரு முன்னோரினின்றும் பல இனங்கள் பிரிந்திருக்கக் கூடும் என்னும் கருத்து அப்படத்தில் முதன்முதல் வடிவம் பெற்றது.

1838ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், மக்கட்பெருக்கம் பற்றி மால்தஸ் எழுதிய நூலை அவர் படித்தார். உணவு பெருகும் அளவினும் உயிர்கள் பெருகும் அளவு மிகுதி. ஆதலின் உயிர்களுக்குள் வாழ்க்கைப் போராட்டம் நிகழ்கின்றது. அப்போராட்டத்தில், சூழ்நிலைக்கு ஏற்ற சிறு வேறுபாட்டைப் பெற்ற உயிர் எஞ்சி நிற்கின்றது. தன் இயல்பை வழித்தோன்றல்களுக்கு அளிக்கின்றது. இங்ஙனம் பல்லாயிரம் தலைமுறைகளில் புதிய இனம் தோன்றுகின்றது. இயற்கைத் தேர்வு என்று அவர் பின்னர்ப் பெயரிட்ட இக்கொள்கையின் முளை, டி என்னும் ஏட்டில் அந்நாள் குறிப்போடு காணப்படுகின்றது.

குறிப்புகளைத் தொகுத்த முறை

டார்வின் 1839ஆம் ஆண்டில் எம்மா என்னும் அம்மையாரை மணந்தார். 1842ஆம் ஆண்டில் லண்டனை விட்டுக் கென்ட் நாட்டுப்புறத்திலுள்ள டவுன் என்னும் சிற்றூரில் குடியேறினார். அதன்பின் நாற்பது ஆண்டுகள் அவ்வூரே அவர்தம் ஆராய்ச்சிக் கூடமாயிற்று. இடையறாத நோயினால் நாளொன்றுக்குச் சில மணி நேரமே அவரால் உழைக்க முடிந்தது. மேலும், தம் நினைவாற்றல் பரந்ததாயினும் தெளிவற்றது என்றும், ஒரு தேதியையோ ஒரு செய்யுளடியையோ சில நாளுக்குமேல் நினைவில் வைக்கத் தம்மால் இயலாது என்றும் அவர் தம் வாழ்க்கைக் குறிப்பில் ஒளியாது எழுதியுள்ளார். நினைவும் குறைவு, நேரமும் குறைவு. இவ்விரு குறைகளையும் உடைய ஒருவர் இருபதுக்கு மேற்பட்ட நூல்களை எவ்வாறு எழுத முடிந்தது? அவர் கைக்கொண்ட ஒழுங்கு முறையே அதற்கு விடையாகும்.

அவருடைய படிப்பறையில் பெயர் எழுதி ஒட்டிய தட்டுகளோடு கூடிய நிலைப்பேழைகள் இருந்தன. அவற்றில் முப்பது முதல் நாற்பது வரையில் பெரிய காகித உறைகள் வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வோர் உறையும் ஒரு பொருளுக்கு உரியது. புதிய செய்தி ஒன்று கிடைத்ததும் அதைத் தனித்தாளில் எழுதி, அதற்குரிய உறையில் இட்டுவிடுவார். நூல் ஒன்றைப் படிக்கும்போது பயன்படத்தக்க இடங்களில் கோடிட்டு, அந்நூலின் இறுதியில் பக்க எண்களோடு ஒரு சிறு பட்டியல் எழுதுவார். இரவலாகப் பெற்ற நூலாயின், அதன் சுருக்கத்தைத் தனியே எழுதிப் பெரிய இழுப்பறை ஒன்றில் சேர்ப்பார். புதிய ஆராய்ச்சி ஒன்றைத் தொடங்குமுன் இச்சிறு பட்டியல்கள் அனைத்தையும் பார்த்து, வகைப்படுத்திய பொதுப் பட்டியல் ஒன்றை அமைப்பார். பின்னர் உரிய உறைகளைக் கையில் எடுத்தால் போதும். அப்பொருளைப் பற்றி வாழ்நாளெல்லாம் சேர்த்த செய்திகள் அவர் முன்னே அணிவகுத்து நிற்கும்.

புத்தகத்தைப் புத்தகமாகவும் ஏட்டை ஏடாகவும் போற்றுவதில் அவருக்குப் பற்று இல்லை; அவற்றின் பயனிலேயே பற்று இருந்தது. கனத்த நூலாயின், கையில் பிடிப்பதற்கு எளிதாகும் பொருட்டு அதை இரண்டாகப் பிளந்துவிடுவார். இளமையில் எழுதிய சிறு குறிப்பேடுகளையும் பின்னாளில் கத்தரித்து, பயனுடைய தாள்களைப் பொருளுக்கு ஏற்ற உறைகளில் பிரித்து வைத்தார். எழுதிய வரிசையில் கிடந்த குறிப்புகள், தேடும் வரிசைக்கு இங்ஙனம் மாறின. அச்சேறிய நூல்களின் கையெழுத்துப் படிகளைக் குழந்தைகள் படம் எழுதும் தாள்களாகப் பயன்படுத்தினர். ஆனால், குறிப்புறைகளை அவர் கண்ணேபோல் காத்தார்.

இவை எல்லாவற்றிலும் சிறந்த மற்றொரு விதியும் அவரிடம் இருந்தது. தம் கொள்கைக்கு மாறான செய்தி ஒன்றைக் கண்டாலும் கேட்டாலும், அதை அப்பொழுதே தவறாது எழுதிவிடுவார். தமக்கு இனிய செய்தி தானே நினைவில் நிற்கும். தமக்கு மாறான செய்தியோ மனத்தினின்றும் விரைவில் நழுவும் என்பதை அவர் தம் அனுபவத்தால் அறிந்திருந்தார். இவ்விதியின் பயனாக, பிறர் பின்னர் எழுப்பக்கூடிய மறுப்புகளுள் பெரும்பாலானவற்றை அவர் தாமே முன்னர் எண்ணி, அவற்றிற்கு விடை தேடி வைத்திருந்தார். தன் மனத்தை மகிழ்விக்கும் செய்திகளைமட்டும் திரட்டுபவன் அறிஞன் ஆகான். அவன் தன்னைத்தானே ஏமாற்றிக் கொள்பவன் ஆவான்.

சோதனைக் காலம்

தம் கொள்கையை 1842ஆம் ஆண்டில் பென்சிலால் சுருக்கமாகவும், 1844ஆம் ஆண்டில் விரிவாகவும் டார்வின் எழுதினார். எனினும், சான்றுகள் நிறையாமல் அதனை வெளியிட அவர் உள்ளம் துணியவில்லை. நோயினால் திடீரென இறக்க நேரிடுமோ என்னும் அச்சமும் இருந்தது. ஆகவே, தாம் இறப்பின் அதனை வெளியிடுமாறு மனைவியாருக்கு ஒரு கடிதம் எழுதி வைத்தார். அச்செலவுக்காக 400 பவுன் ஒதுக்குமாறும், தம் குறிப்புறைகளையும், பக்கங்கள் குறித்த நூல்களையும் தக்க அறிஞர் ஒருவரிடம் ஒப்படைக்குமாறும் அதில் வேண்டியிருந்தார். தம் குறிப்புகளைப் பிறர் ஒருவர் எடுத்தாலும் பயன்படுத்தும் வகையில் அவர் அமைத்திருந்தார் என்பதற்கு இக்கடிதமே சான்று.

அதன்பின், கடற்பாறைகளிலும் கப்பலின் அடியிலும் ஒட்டி வாழும் கொட்டலசு என்னும் உயிர்வகையை ஆராய்வதில் எட்டு ஆண்டுகள் கழிந்தன. அப்பணி முடிந்ததும், 1854ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், உயிரினங்களைப் பற்றித் தாம் திரட்டிய குறிப்புகளைப் பிரித்து வரிசைப்படுத்தத் தொடங்கினார். 1856ஆம் ஆண்டில் பெருநூல் ஒன்றை எழுதத் தொடங்கினார்.

நூல் பாதியளவில் இருக்கும்போது, 1858ஆம் ஆண்டு ஜூன் திங்களில், மலேயத் தீவுக்கூட்டத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. அதனை எழுதியவர் ஆல்பிரட் ரசல் வாலஸ் என்னும் இளைய ஆராய்ச்சியாளர். 1852ஆம் ஆண்டில் தென் அமெரிக்காவிலிருந்து திரும்பும் வழியில் கப்பல் தீப்பற்றியதால், நான்கு ஆண்டுகள் அரிதின் முயன்று சேர்த்த பொருள்களுள் பெரும்பகுதியை இழந்தும் மனம் தளராமல் மீண்டும் கடல் கடந்து சென்ற வீரர் அவர். அவர் அனுப்பிய கட்டுரையில், டார்வின் இருபது ஆண்டுகளாக உள்ளத்தில் வளர்த்துவந்த அதே கொள்கை காணப்பட்டது. டார்வின் பெரிதும் கலங்கினார். தாம் முன்னரே கண்டதைக் கூறினால் உலகம் ஐயுறுமோ? கூறாது இருப்பின் இருபது ஆண்டு உழைப்பும் வீணாகுமோ? அந்நாளிலேயே அவருடைய கைக்குழந்தை கொடிய காய்ச்சலால் இறந்தது. துயரில் மூழ்கிய அவர், நிலநூல் அறிஞர் லயல், தாவரநூல் அறிஞர் ஹூக்கர் ஆகிய நண்பர் இருவரிடமும் முடிவை விட்டுவிட்டார்.

அவ்வேளையில் அவருக்குத் துணை நின்றவை அவருடைய பழந்தாள்களே. 1844ஆம் ஆண்டின் கட்டுரையை ஹூக்கர் பல ஆண்டுகளுக்கு முன்னரே படித்திருந்தார். 1857ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் ஆசா கிரேக்கு எழுதிய கடிதத்தின் படியும் டார்வினிடம் இருந்தது. இவ்விரண்டின் பகுதிகளையும் வாலஸின் கட்டுரையையும் நண்பர்கள் ஒருங்கே சேர்த்து, 1858ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாள் லண்டன் லின்னேயன் கழகத்தில் படிக்கச் செய்தனர். இருவர்க்கும் உரிய பெருமை இருவர்க்கும் கிடைத்தது. வாலஸ் இம்முடிவை மகிழ்ந்து ஏற்றார். பிற்காலத்தில் தாம் எழுதிய நூல் ஒன்றுக்கு டார்வினியம் என்றே பெயரிட்டு நண்பரைச் சிறப்பித்தார். நாள் குறித்த ஒரு தாள் இரண்டு பெரியோர்க்கிடையே பகை மூளாமல் காத்தது.

பெருநூலைச் சுருக்கி எழுத டார்வின் எடுத்துக்கொண்ட காலம் பதின்மூன்று மாதங்களே. உயிரினங்களின் தோற்றம் பற்றிய அந்நூல் 1859ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 24ஆம் நாள் வெளிவந்தது. முதற்பதிப்பில் அச்சிடப்பட்டவை 1,250 படிகள். எழுதியது பதின்மூன்று மாதமாயினும், அதற்குரிய பொருளைத் திரட்டியது இருபது ஆண்டுகள் அல்லவா?

மண்புழு ஆராய்ச்சி

டார்வினின் பொறுமைக்கு மற்றொரு சான்று, நாங்கூழ் எனப்படும் மண்புழுவைப் பற்றிய ஆராய்ச்சி. மண்புழுக்கள் அடிமண்ணை மேலே கொணர்ந்து குவிப்பதால் நிலத்தின் மேல்மண் உருவாகின்றது என்னும் கருத்தை 1837ஆம் ஆண்டிலேயே அவர் ஒரு கழகத்தில் வெளியிட்டார். அதனை அளந்தறியும் பொருட்டு, 1842ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் தம் வீட்டருகே இருந்த புல்வெளி ஒன்றில் சுண்ணக்கல் துண்டுகளைப் பரப்பி, அந்நாளைக் குறித்து வைத்தார். இருபத்தொன்பது ஆண்டுகள் கழிந்து, 1871ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், அவ்விடத்தில் பள்ளம் தோண்டிப் பார்த்தார். மேற்பரப்பில் பரப்பிய சுண்ணக்கல் 7 அங்குல ஆழத்தில் வெண்கோடாகக் காட்சியளித்தது. எந்த ஆண்டில் எந்த இடத்தில் பரப்பினோம் என்னும் குறிப்பு இல்லாதிருப்பின், அவ்வெண்கோடு யாதொரு செய்தியும் கூறியிராது. இவ்வாராய்ச்சி 1881ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்து மக்களால் விரும்பிப் படிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஏப்ரல் திங்கள் 19ஆம் நாள் டார்வின் மறைந்தார். இங்கிலாந்தின் சான்றோர் பலர் துயில்கொள்ளும் வெஸ்ட்மின்ஸ்டர்ப் பெருங்கோயிலில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.

குறிப்புகளின் பெருமை

டார்வினின் குறிப்பேடுகள் பல கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் காக்கப்படுகின்றன. அவற்றுள் மரப்படம் வரையப்பெற்ற பி என்னும் ஏடும், சி என்னும் ஏடும் உரிய இடத்தில் இல்லை என்பது 2001ஆம் ஆண்டில் தெரியவந்தது. நூலகத்தார் நெடுங்காலம் தேடியும் அவை கிடைக்கவில்லை. 2022ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், பெயர் அறியாத ஒருவர் அவற்றை ஒரு பையில் இட்டு நூலகத்திலேயே வைத்துச் சென்றார். ஏடுகள் பழுதின்றித் திரும்பின. கைக்கடங்கும் அச்சிற்றேடுகள் மீண்டு வந்த செய்தியைக் கேட்டு உலகெங்கும் உள்ள அறிஞர்கள் மகிழ்ந்தனர். அவற்றில் பொன்னும் இல்லை, மணியும் இல்லை. ஒருவர் தமக்காக எழுதிக்கொண்ட சில வரிகளும், கோணல்மாணலான ஒரு மரமுமே உள்ளன.

மாணவர்களே! டார்வின் பெற்ற அறிவுநுட்பம் எல்லார்க்கும் வாய்ப்பதன்று. ஆயினும், அவர் மேற்கொண்ட ஒழுங்கை மேற்கொள்ள எவராலும் இயலும். வகுப்பில் கேட்ட அரிய செய்தியை அன்றே எழுதி வையுங்கள். எழுதும்போது நாளையும் இடத்தையும், நூலாயின் அதன் பெயரையும் பக்கத்தையும் மறவாமல் குறியுங்கள். வெவ்வேறு பாடங்களுக்குரிய குறிப்புகளை ஒரே ஏட்டில் கலந்து எழுதாமல் தனித்தனியே வையுங்கள். உங்களுக்கு உடன்பாடல்லாத கருத்தாயின், அதனை முதலில் எழுதுங்கள். திங்கள்தோறும் ஒருமுறை அவற்றைப் புரட்டிப் பார்த்து வரிசைப்படுத்துங்கள். சிறுதுளி பெருவெள்ளம் ஆகும் என்பது உண்மையே. ஆனால், கரை கட்டித் தேக்கிய வெள்ளமே வயலுக்குப் பயன்படும். கல்வியும் அவ்வாறே. குறித்து வைத்தும், வகுத்து வைத்தும், காத்து வைத்தும் போற்றிய அறிவே வேண்டிய காலத்தில் வந்து உதவும். அதனை டார்வினின் வாழ்க்கை நமக்கு நன்கு விளக்குகின்றது.